மின்காந்தவியல் அரியரும் மீஞ்சூர் ரயில் சண்டையும்

மூணு வருஷத்துக்கு முன்னாடி நடந்தது. எம்.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருஷம். காலேஜுக்குப் போற ரயில்ல என் சிநேகிதி கும்மிடிப்பூண்டியில ஏறி வருவா, நான் மீஞ்சூர்ல ஏறுவேன். ரெண்டு பேருக்கும் மின்காந்தவியல் பேப்பர்ல அரியர். அதை முடிச்சாதான் டிகிரி கைக்கு வரும். அதனால நைட் ஷிப்ட் முடிச்ச கம்பெனி ஆளுங்க தூங்கி வழியற கூட்டத்துலயே கணக்கு போட்டுக்கினு போவோம்.

அந்தப் பாடம் இருக்கே, யப்பா! புத்தகத்துல ரெண்டு வரி எழுதிட்டு, "இதிலிருந்து எளிதில் நிறுவலாம்"னு போட்டுட்டுப் போயிடுவாங்க. அந்த எளிதை நிறுவ எனக்கு மூணு நாள் ஆகும். அப்படி உயிரைக் கொடுத்து விடை கொண்டுவந்தா, வேற புக்கு வச்சிருந்த அவளோட விடை வேற. வட்டக் கணக்குல வருமே பை, அதோட நாலு மடங்கு அவ விடையில நிக்கும், என்னுதுல இருக்காது.

"நாலு பை எங்கடி? முழுங்கிட்டியா?"ன்னு அவ கத்தினதுல, எதிர் சீட்டு அக்கா குனிஞ்சு சீட்டுக்கு அடியில தேடினாங்க.

"உன் புக்கே தப்புடி"ன்னு நானும் கத்தினேன். பேச்சு முத்திப்போய், "உனக்கெல்லாம் எதுக்குடி படிப்பு?"ன்னு கேட்டுட்டா. மறுநாள்லேர்ந்து நான் வேற பெட்டி. அவளும் கூப்பிடல. பரீட்சை நெருங்குது, தனியா உக்காந்தா ஒரு கணக்கும் ஓடல. அழுகை அழுகையா வந்துச்சு.

பொறுக்க முடியாம, அந்தப் பாடம் எடுத்த சார்கிட்ட ரெண்டு விடையையும் காட்டினேன். "ரெண்டும் சரிதாம்மா. ரெண்டு புக்குலயும் அலகு முறை வேற. கஜத்துல அளக்கறதும் மீட்டர்ல அளக்கறதும் மாதிரி"ன்னார். இதை முதல் வகுப்புலயே சொல்லக் கூடாதா சார்னு கேட்டா, "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்"ங்கறார்! தலையில அடிச்சுக்காத குறைதான்.

மறுநாள் அவ பெட்டியிலேயே ஏறினேன். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, "தெரியும்டி, அலகுதான். போன வாரமே கண்டுபுடிச்சிட்டேன்"னா.

"அடிப்பாவி! ஒரு ஃபோன் பண்ணக் கூடாது? நான் இங்க செத்துக்கினு இருக்கேன்!"

"நீ பண்ணியா இன்னா?"ன்னா. அவளுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "நான் மட்டும் இன்னா படிச்சேன்னு நெனக்கிற? ஒரு வரி ஏறல."

மிச்ச நாள்ல விழுந்து விழுந்து படிச்சு, ரெண்டு பேரும் தட்டுத் தடுமாறித் தேறிட்டோம். யார் சரிங்கறதை சார் ஒரு நிமிஷத்துல தீர்த்துட்டார், ஆனா பேசாம வீணாக்கின அந்த நாளுங்களை யாராலயும் திருப்பித் தர முடியல; அதனால இப்பல்லாம் யாரோட சண்டைன்னாலும், யார் சரின்னு அப்புறம் பார்த்துக்கலாம்னு முதல்ல நானே ஃபோன் போட்டுடறேன்.