வெற்றிலை மையில் ஒரு சிவப்புக் கோட்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு வெற்றிலைக்கு முன்னால் உட்காரவைத்துக் கேட்டார்கள்.

களவு போயிருந்தது அம்மாவின் தாலிக்கொடி. அம்மா ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்தார். கொடி மெஷினில் சிக்கிவிடும் என்ற பயத்தில், வேலை நாட்களில் அதைக் கழற்றித் துணியில் சுற்றி அரிசி வாளிக்குள் ஆழப் புதைத்துவிட்டுப் போவார். வந்ததும் முதல் வேலையாகக் கையை விட்டு எடுத்துப் போட்டுக்கொள்வார். அந்த வெள்ளிக்கிழமை முழங்கை வரை போன கை வெறுங்கையாக வந்தது. பேப்பரை விரித்து வாளியைக் கவிழ்த்துக் கொட்டினோம். அரிசி மட்டும்தான் இருந்தது. அம்மா கழுத்தைப் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்து அழுதார். மறுநாள் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டார்.

கதவு உடையவில்லை, யன்னல் உடையவில்லை. டிவி இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டு தட்டுத் தட்டினால்தான் படம் தெரியும் டிவி அது, அதை எந்தக் கள்ளனும் தூக்கியிருக்கமாட்டான் என்பது வேறு விஷயம். அம்மா யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். வெள்ளைக்காரக் கள்ளன் என்றால் அலுமாரியைக் கிளறுவான், மெத்தையைப் புரட்டுவான், அரிசிக்குள் கை விட அவனுக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஆட்களுக்குத்தான் தெரியும். எங்கள் ஆட்கள் என்று சொல்ல அந்த வீட்டில் எங்களைத் தவிர ஒருவர்தான் இருந்தார்.

அவரை நான் பொக்ஸ்ரூம் அண்ணை என்று கூப்பிடுவேன். மாடியில் ஒரு கட்டில் மட்டுமே கொள்ளும் சின்ன அறையில் இருந்தார். அப்பாவின் சிநேகிதர் ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிக் கேட்டதால், அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த அவரை அப்பா வீட்டில் சேர்த்திருந்தார். இரவில் பெட்ரோல் நிலையத்தில் வேலை, பகலில் நித்திரை. வேலை முடிந்து வந்தால் தபால்காரர் வரும்வரை மாடிப்படியில் காத்திருப்பார். ஊரிலிருந்து வரும் நீலக் கடிதத்தைப் பிரிக்காமலே பைக்குள் வைத்துக்கொண்டு பழுப்பு உறை ஏதும் வந்திருக்கிறதா என்று தேடுவார். தாயின் கடிதத்தைவிடப் பழுப்பு உறை என்ன பெரிது என்று நான் நினைப்பேன்.

அப்பா பொலிசுக்குச் சொல்லலாம் என்றபோது அண்ணையின் முகம் வெளிறிவிட்டது.

"பொலிஸ் வேண்டாம் அண்ணை" என்றார்.

"எங்கப்பன் குதிருக்குள்ள இல்லை எண்ட கதைதான்" என்றார் அம்மா, அவர் மேலே போன பிறகு. களவெடுத்தவர்கள்தான் பொலிசுக்குப் பயப்படுவார்கள் என்று எனக்கும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். ஊர்ப் பொலிசிடம் அவர் என்ன பட்டுவிட்டு வந்தார் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பெரியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் அது அன்றைக்கு அவர்கள் ஞாபகத்துக்கு வரவில்லை.

அம்மா மை பார்க்கிறவரைக் கூப்பிட்டார். அவருக்குக் கிங்ஸ்பரியில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் கிழமை நாட்களில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் கள்ளன் பிடிப்பு. பிளாஸ்டிக் பையில் வெற்றிலையும் மைச் சிமிழும் கொண்டுவந்தார். மையில் தெரிவதைப் பெரியவர்களால் பார்க்க முடியாதாம், சாமத்தியப்படாத பிள்ளையின் கண்ணுக்குத்தான் தெரியுமாம். அந்த வீட்டில் அந்தத் தகுதி எனக்கு மட்டும்தான் இருந்தது. எதற்கெடுத்தாலும் 'தீர விசாரிப்பதே மெய்' என்று சொல்லும் அப்பா அன்றைக்குப் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

வெற்றிலையில் பூசிய மை பளபளவென்றிருந்தது. அனுமார் வந்து நிலத்தைக் கூட்டுகிறாரா என்று மை பார்க்கிறவர் கேட்டார். ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் அம்மா மஞ்சள் கயிற்றைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓம் என்றேன். உட்காரக் கதிரை போடுகிறாரா? ஓம். ஒரு பொய் சொன்ன வாய்க்கு மற்றது கஷ்டமாக இருக்கவில்லை. பிறகு உண்மையாகவே ஏதோ தெரிந்தது. வெளிச்சமாக ஒரு சதுரம், பக்கத்தில் சிவப்பாக ஒன்று. எனக்குப் பின்னால் இருந்த யன்னலும், கதவில் தொங்கிய பொக்ஸ்ரூம் அண்ணையின் சிவப்புக் கோட்டும் மையில் விழுந்திருந்தன. சிவப்புக் கோட் என்றேன். மை பார்க்கிறவர் என் பக்கம் சாய்ந்தார்.

"அதைப் போட்டிருக்கிற ஆளைத் தெரியுதோ?"

கோட் கொளுவியில் தொங்குகிறது என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு மரியாதை அதற்கு முன் எனக்குக் கிடைத்ததில்லை. ஓம் என்றேன்.

அவரை யாரும் கள்ளன் என்று சொல்லவில்லை. அம்மா சாப்பிடக் கூப்பிடுவதை நிறுத்தி, சோற்றுக் கோப்பையை மூடிப் படியில் வைத்தார். அப்பா தனியே அழைத்து, ஏதாவது அவசரத்துக்கு எடுத்திருந்தால் சொல்லிவிடும்படியும், வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வதாகவும் தன்மையாகச் சொன்னாராம். தான் எடுக்கவில்லை என்று ஒரே ஒரு தடவை சொன்ன அண்ணை, செவ்வாய்க்கிழமை காலை பையோடு இறங்கினார். கடிதம் வந்தால் எடுத்து வைக்கும்படி அம்மாவிடம் கேட்டுக்கொண்டார். அம்மா கதவைத் திறந்துவிட்டார். நான் பள்ளிக்கூடம் போக வாசலில் நின்றேன். குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"நீ என்னைக் கண்டனீயோ, பிள்ளை?"

தலையாட்டினேன். "சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். கோபித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு காலம் வலித்திராது.

பத்து நாளில் பழுப்பு உறை வந்தது. அப்பா வேலையில் இருந்தார். இதைச் சாட்டி அவர் மறுபடி வாசலுக்கு வரக்கூடாது என்றார் அம்மா. கடிதத்தைத் திருப்பி அனுப்ப இங்கிலீஷில் என்ன எழுத வேண்டும் என்று என்னைக் கேட்டார். அந்த வீட்டில் நன்றாக இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவள் நான்தான். இந்த முகவரியில் இப்படி ஒருவர் இல்லை என்று, கோடு சரியாமல் இருக்க அடிமட்டம் வைத்து எழுதி, மூலைப் பெட்டியில் நானே போட்டேன். எழுத்து வடிவாக இருக்கிறதென்று அம்மா சொன்னார்.

அதற்கு அடுத்த கிழமை, எங்கள் தெருவிலேயே ஒரு குஜராத்திக்காரர் வீட்டு வாசலில், தபால் போடும் துவாரத்தினூடே கம்பியை விட்டுப் பூட்டை இழுத்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெடியன் பிடிபட்டான். பொலிஸ்காரர் வீடு வீடாக வந்தார். எங்கள் வீட்டுக் களவையும் அவன் ஒப்புக்கொண்டானாம். நகையை உடனேயே விற்றுவிட்டானாம். ஆசியர் வீடுகளில் இந்தக் கள்ளர்கள் முதலில் அரிசியைத்தான் கிளறுவார்கள் என்று அவர் சொன்னதை நான்தான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அப்பா நகரின் மறுகோடியில் இருக்கும் சவுத்தால் வரைக்கும் போய் அண்ணையைத் தேடினார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் கதைதான். ஒருவருக்கும் அவர் இருக்கும் இடம் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து டெலிபோன் அடித்தது. வீட்டில் நான் தனியே இருந்தேன்.

"பிள்ளை, எனக்கு ஏதும் கடிதம் வந்ததோ?"

வந்தது என்றும், ஆள் இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டோம் என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் பெட்டிக்குள் காசு விழும் சத்தம் கேட்டது. கள்ளன் பிடிபட்டுவிட்டான், அப்பா உங்களைத் தேடுகிறார், வாருங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால், பிறகு மையில் யாரைக் கண்டாய் என்று கேட்பாரே. விழுங்கிவிட்டேன்.

"சரி பிள்ளை. வடிவாப் படி" என்றார். காசு முடிந்து லைன் அறுந்தது.

அந்தப் பழுப்பு உறையில் இருந்தது அகதி விசாரணைக்கு அழைக்கும் கடிதம். அந்த நாளில் போகாவிட்டால் விண்ணப்பத்தையே நிராகரித்துவிடுவார்கள் என்று பல வருடங்களுக்குப் பிறகுதான் அறிந்தேன். அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். கனடாவில் கண்டதாக இன்னொருவர் சொன்னார். நான் கனடாவைத்தான் நம்புகிறேன். நம்பாமல் எப்படி இருப்பது?

டெலிபோன் வந்த அன்று பின்னேரம் அப்பா வந்ததும், அண்ணை டெலிபோன் எடுத்தார் என்றும் கடிதத்தைப் பற்றி அவர் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்னேன் என்றும் சொன்னேன். எந்தக் கடிதம் என்று அப்பா கேட்டார். பழுப்பு உறை என்றேன். யார் எழுதினது என்றார். நான்தான், அடிமட்டம் வைத்து, என்றேன். அப்பா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், பொக்ஸ்ரூம் அண்ணை தபாலுக்குக் காத்திருக்கும் அதே படியில் இருந்துவிட்டார். இருட்டிய பிறகும் எழும்பவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கள்ளன்தான் பிடிபட்டுவிட்டானே, இனி எதற்கு அழுகிறார் என்று நினைத்தேன்.