இரத்தக்கட்டி எடுத்து மூன்று மாதம்: இலங்கைத்துறையிலிருந்து திருகோணமலை கிளினிக்குக்கு

மூளைக்குப் போகும் இரத்தநாளத்தில் அடைத்த இரத்தக்கட்டியைக் குழாய் விட்டு எடுத்து மூன்று மாதம் முடிந்த செவ்வாய்க்கிழமை இந்தப் பயணம். பாரிசவாதம் (பக்கவாதம்) வந்தவரைக் கூட்டிக்கொண்டு இதே பாதையில் போகப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். கூட்டிப் போகப்பட்டவன் நான்தான். இடக்கையால் தட்டுகிறேன், எழுத்துப்பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டி எடுத்த மறுநாள் நான் வலக்கையைத் தூக்கியதைப் பார்த்த கொழும்பு டொக்டர், "மூண்டு மாசத்தில உங்கட அலுவலை நீங்களே பாப்பீங்கள் எண்டு நினைக்கிறன். உறுதியாச் சொல்ல ஏலாது," என்றார். வயது, ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த நேரம், சீனி வருத்தம் (நீரிழிவு), மறுநாள் இருக்கும் பலம் எல்லாம் பார்த்துத்தான் கணிக்கிறார்களாம். அந்த "நினைக்கிறன்" என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை. மனைவி வசந்தி மூதூரில் ஆசிரியை. அவளுடைய சம்பளமில்லா லீவு அந்த வெள்ளியோடு முடிகிறது. என்னைத் தனியே விட முடியாதென்றால் வேலையை விடுவதாக இருந்தாள்.

காலை 5.40 பஸ். வசந்தி பின்னால் தள்ள, கொண்டக்டர் முன்னால் இழுக்க, அரிசி மூட்டைபோல ஏறினேன். மூதூருக்கு ஆளுக்கு 110 ரூபாய். அங்கே பஸ் மாறித் திருகோணமலைக்கு 170. கிண்ணியாப் பாலத்தில் எல்லோரும் படம் எடுப்பார்கள். நான் வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தேன். மோதிரவிரல் சொல் கேட்கவில்லை, எரிச்சல் எரிச்சலாக வந்தது.

8.50க்குக் கிளினிக். எங்கள் இலக்கம் 31, கூப்பிட்டது 11.15க்கு.

"தானாச் சாப்பிடுறாரோ?" என்று கேட்டார் கிளினிக் டொக்டர்.

"ஓம் டொக்டர். குழைச்சு உருட்டிக் குடுத்தா வடிவாச் சாப்பிடுவார்," என்றாள் வசந்தி.

"குளிக்கிறது?"

"ஓம், நான் வார்த்து விடுவன்."

"சேட்டுப் போடுறது?"

"ஓம், நான் பூட்டி விடுறனான்."

டொக்டர் பேனையை வைத்தார். "டீச்சர், இதெல்லாம் உங்களுக்கு ஏலும். அவருக்கு என்ன ஏலும்?"

வசந்தி என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியாது. எங்கள் பக்கத்தில் வருத்தக்காரனைத் தன் கையால் சாப்பிட விட்டால், மனைவி கவனிப்பதில்லை என்று ஊர் கதைக்கும். உண்மையைச் சொன்னால், எனக்கும் அது சுகமாகத்தான் இருந்தது. வெட்கமாகிவிட்டது.

"கையில பலம் வந்திருக்கு. கொழும்பில கணிச்சது சரியோ பிழையோ எண்டு நீங்கள் விட்டுப் பாத்தாத்தான் தெரியும்," என்றார் டொக்டர்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் மீன் சோறு, 450 ரூபாய். வலக்கையால் நானே பிசைந்தேன். பாதி வாய்க்குள், பாதி சேட்டில். பக்கத்து மேசைக்காரர் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தார். வசந்தி கைகளைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆறுதலாச் சாப்பிடுங்கோ. நான் அங்கால பாக்கிறன்," என்றாள். அழுதாள் என்று நினைக்கிறேன்.

போகிறவர்களுக்கு: காலை ஏழு மணிக்கே இலக்கம் எடுங்கள். தூர இடமென்றால் முதல்நாளே திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் தங்குவது நல்லது. முக்கியமாக, ஒரு கிழமைக்கு முன்பே ஆளைத் தானாகச் செய்யவிட்டுப் பாருங்கள். எது ஏலும், எது ஏலாது என்று அவரே டொக்டருக்குச் சொல்லட்டும்.

அடுத்த திங்கட்கிழமை வசந்தி பள்ளிக்கூடம் போனாள். பகல் 12.50க்குப் போன் எடுத்தாள்.

"சாப்பிட்டீங்களோ?"

"சாப்பிடுறன்."

"எப்ப தொடங்கினீங்கள்?"

"பன்ரண்டு மணிக்கு."

வலக்கையால் அடுத்த பிடியை உருட்டினேன்.

"சரி, மணி அடிக்குது. நான் வகுப்புக்குப் போறன்," என்றாள்.