பதிலோடு திரும்பும் சடையன்

"நான் சொன்னது இன்னா? திருப்பிச் சொல்லு பாக்கலாம்." செய்தியைச் சொன்ன கையோடு சடையன் நகரமாட்டார். கேட்டவர் தன் வாயால் அதைச் சொல்லிக்காட்டி, பதிலும் தந்தால்தான் பைக்கை உதைப்பார்.

கல்வராயன் மலையில் ஊர் ஊராகப் புளி வாங்கி வெள்ளிமலையில் விற்பது அவர் தொழில். சிக்னல் எட்டாத ஊர்களின் செய்திகளை, தார்ச்சாலை முடிகிற இடத்திலுள்ள பாறைமேல் ஏறிப் போனில் சொல்வது கூலியில்லாத இன்னொரு வேலை. அங்கே மட்டும் சிக்னல் வந்து வந்து போகும். யாரோ அந்தப் பாறைக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார்கள். "சாமியே சிக்னல் குடுக்குதுன்னா டவரு எதுக்குன்னு கேப்பானுங்க" என்று சடையன் ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டார். தொலைபேசிக் கம்பெனியின் வரைபடத்தில் மலை முழுக்கச் சிக்னல் இருப்பதாக வண்ணம் அடித்திருக்கிறது. அந்த வண்ணத்துக்குள்தான் மனிதர்கள் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து நிற்கிறார்கள்.

அவசரச் செய்தி என்றால் அந்தப் பக்கம் போகிற எல்லாரிடமும் சொல்லி அனுப்புவார். "ஒரே சேதிய ஆளாளுக்குச் சொல்லிக்கினு வர்றீங்க, நான் இன்னா செவுடியா?" என்று பள்ளத்து ஊர் ரங்கம்மாள் ஒருமுறை சடையனிடம் சீறினாள்.

"பத்து தபா கேட்டா காது ஒண்ணும் தேஞ்சிடாதுக்கா. ஒரு தபாகூட கேக்கலன்னாதான் உசுரு பூடும்."

அவர் மனதில் வைத்துச் சொன்னது இலக்கியாவின் குழந்தையை. போன வருடம் பிரசவ வலி கண்ட அவளுக்காக ஆம்புலன்ஸ் பாறைவரை வந்தது. வண்டி வருகிறது என்ற செய்தி பள்ளத்திலிருந்த அவள் ஊருக்குப் போய்ச் சேரவில்லை. ஆள் இல்லையென்று வண்டி திரும்பிப் போனது. குழந்தை பிழைக்கவில்லை. விதி என்றார்கள். ஒரு செல்போன் கோபுரம் நட மறுத்தவர்களுக்கு இதைவிட வசதியான சொல் கிடைக்காது.

போன வாரம் அதே ஊரில் மலர்விழிக்கு வலி கண்டது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் வருமென்றால் அவளை மூங்கிலில் துணி கட்டிய டோலியில் பாறைக்குத் தூக்க வேண்டும். வராதென்றால் எதிர்த்திசையில் வெள்ளிமலை ஆஸ்பத்திரிக்கு. தவறான வழியில் போய்விட்டால் மீள முடியாது. "நான் வந்து சொல்ற வரைக்கும் தூக்காதீங்க" என்று அவள் கணவன் பழனியிடம் சொல்லிவிட்டு, சடையன் புளி மூட்டையோடு பாறைக்கு விரைந்தார்.

நெடுநேரம் கழித்து ஆம்புலன்ஸ் ஓட்டுநர் போனில் கிடைத்தார். "கெளம்பிட்டேன். ஆனா போன தபா மாதிரி ஆள் இல்லன்னா நிக்க மாட்டேன். கண்டிப்பா கூட்டிக்கினு வருவீங்களா?"

"வருவோம், வருவோம்! நில்லுங்க சார்!"

அதற்குள் இணைப்பு அறுந்திருந்தது. எந்தச் சொல்வரை அங்கே கேட்டதென்று தெரியவில்லை. மறுபடி அழைத்தார். சிக்னல் இல்லை. இங்கேயே நின்று முயன்றால் ஊருக்குப் பதில் போகாது. இறங்கிப் போனால், வருகிற வண்டி திரும்பிவிடலாம்.

சடையன் போனை மடியில் கட்டினார். வருகிற வண்டி திருப்பிக்கொண்டு போவதற்கு அங்கிருந்த ஒரே இடத்தில் பைக்கைக் குறுக்கே நிறுத்தி, ஹேண்டிலைப் பூட்டி, சாவியை உருவிக்கொண்டு, நனைகிற புளியைத் திரும்பிப் பாராமல் பள்ளத்தில் இறங்கி ஓடினார்.