கடைசியாக மூடியவர்

இதைப் படித்துவிட்டு யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ராத்திரி இல்லை, மின்வெட்டு இல்லை. நல்ல வெளிச்சத்தில், மாலை நான்கு மணி சுமாருக்கு நடந்தது. கூட என் தம்பியும் இருந்தான்.

என் கணவர் நாவல்களை மொழிபெயர்ப்பவர். வீட்டின் பின்னறைதான் அவருக்கு அலுவலகம். இரண்டே விரல்களால் தட்டுவார். நான் பிழை பார்ப்பேன். இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் ஓடியது. போன மாதம் ஒரு காலை, குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. கடைசி அத்தியாயமான பதினெட்டை முந்தின நாளே முடித்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். அது மட்டும் கணினியில் எங்கு தேடியும் இல்லை. பதிப்பாளர் பொறுத்துக்கொள்வதாகச் சொன்னார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவர் கடைசியாக எழுதிய பக்கங்கள் அல்லவா?

அவர் தட்டச்சு செய்யப் பயன்படுத்திய எடிட்டர் மென்பொருளில், அண்மையில் திறந்த கோப்புகளின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் முதல் பெயர் ‘பதினெட்டு’. ஆசையோடு அழுத்தினேன். கோப்பு கிடைக்கவில்லை என்று வந்தது.

மனசைத் தேற்றிக்கொண்டு, இருந்த பதினேழு அத்தியாயங்களையும் பிழை பார்க்க உட்கார்ந்தேன். முதல் நாள் மூன்று முடிந்தது. மறுநாள் பார்த்தால், நான் திறந்த மூன்றும் பட்டியலில் இல்லை. மேலே பதினெட்டு. அடுத்த நாளும் அப்படியே. நான் அங்கே வந்து உட்காரவே இல்லை என்பதுபோல.

தம்பி கணினி பழுது பார்க்கிறவன். போனில் கேட்டுவிட்டுச் சிரித்தான். “மாமா கம்ப்யூட்டரும் மாமா மாதிரிதான்க்கா. சொன்னா கேக்காது.”

பிறகு காரணம் சொன்னான். எடிட்டர் ஒரே நேரத்தில் இரண்டு முறை திறந்திருந்தால், ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பட்டியலை வைத்துக்கொள்ளுமாம். மூடும்போது அதைப் பதிந்துவிட்டுப் போகுமாம். எது கடைசியாக மூடுகிறதோ, அதன் பட்டியல்தான் நிற்கும்.

“உனக்கு அப்புறம் யாரோ மூடுறாங்க. யாரு?”

“இங்க நான் மட்டும்தானேடா இருக்கேன்.”

“சனிக்கிழமை நேர்ல வந்து பாக்கறேன்க்கா” என்று போனை வைத்தான்.

சனிக்கிழமை வந்தான். எடிட்டர் வேறெங்கும் திறந்திருக்கவில்லை. வெளியிலிருந்து யாராவது நுழைகிறார்களோ என்று இணைய வயரையும் பிடுங்கினான். பட்டியலை மொத்தமாக அழித்தான். முதல் அத்தியாயத்தைத் திறந்து மூடினான். மறுபடி பார்த்தபோது அந்த ஒரு பெயர் மட்டும் சமர்த்தாக நின்றது. “அவ்வளவுதான்” என்று எடிட்டரை மூடிவிட்டு எழுந்தான்.

டீ போடச் சமையலறைக்குப் போனோம். மணி நான்கு பத்து. பின்னறைக் கதவு எங்கள் கண்ணெதிரே திறந்திருந்தது. நாற்காலியின் முதுகு தெரிந்தது. அதில் யாரும் இல்லை.

டக்.

தம்பி டம்ளரைக் கீழே வைத்தான்.

டக்... டக் டக்... டக்.

நிதானமாக. இரண்டு விரல்களால் தட்டுகிற சத்தம்.

நாற்காலி அசையவில்லை. கீபோர்டு கதவுக்கு மறைவில் இருந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

நான்கு இருபதுக்குச் சத்தம் நின்றது.

உள்ளே போனோம். எடிட்டர் மூடியே இருந்தது. தம்பி திறந்தான்.

மேலே... பதினெட்டு.

“என் கையால அழிச்சேன்க்கா” என்றான் மெதுவாக. “திறக்காம பேரு ஏறாது.”

அந்தப் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில், கோப்பு இருக்கும் இடம் போட்டிருந்தது. நான் அதைக் கவனித்ததே இல்லை. அவன் குனிந்து படித்தான். “இது கம்ப்யூட்டர்லயே இல்லக்கா. மாமாவோட பென் டிரைவ்ல இருக்கு.”

அந்தக் கறுப்பு பென் டிரைவ். நகல் எடுத்து வைக்க மட்டும்தான் அது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கணினியில் அது செருகப்பட்டிருக்கவில்லை. பயத்துக்கு நடுவிலும் எனக்கு ஒரு சந்தோஷம். பதினெட்டு கிடைத்துவிடும். மேசை இழுப்பறை, பைகள், அவருடைய சட்டைகள் எல்லாம்... ஒன்று விடாமல் தேடினோம்.

இல்லை.

வேறு ஊரில் இருக்கும் மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவளிடம் மற்ற எதையும் சொல்லவில்லை. பென் டிரைவைப் பார்த்தாயா என்று மட்டும்தான்.

“தேடாதம்மா” என்றாள். “அப்பா அது இல்லாம எங்கயும் போக மாட்டாரே...”

“ம்.”

“சவப்பெட்டிய மூடுறதுக்கு முன்னாடி, அவர் சட்டைப் பையில நான்தான் வச்சேன்.”