ஏழாம் மெஷின் செல்வி

இரண்டு வாரம் முன்பு, திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி வாசலில் ஒரு பெண் என்னை வழிமறித்தார்.

"ஏனுங்க சார், நா உங்களுக்கு என்னங்க துரோகம் பண்ணுனே?"

முன்பின் பார்த்ததில்லை. பெயர் செல்வி என்றார். எனக்குப் பகீரென்றது.

அது என் நண்பர் பழனிச்சாமியின் கம்பெனி. எந்த வேலையை எப்படிச் செய்வது என்று கம்ப்யூட்டரில் ஒரு விக்கி எழுதித் தரச் சொன்னார். அதுதானே என் பிழைப்பு... எழுதினேன்.

தையல் மெஷினில் ஊசி உடைந்தால், துண்டுகளைத் தேடியெடுத்து நோட்டில் ஒட்டி விவரம் எழுத வேண்டும். குழந்தைச் சட்டைக்குள் துண்டு போய்விட்டால் யார் பதில் சொல்வது? அந்தப் பக்கத்தில் ஓர் உதாரணம் கொடுத்தேன்: 'மெஷின் 7, செல்வி, ஊசி உடைந்தது, மூன்று துண்டும் கிடைத்தது.' உதாரணத்துக்கென்றே ஒரு டெம்ப்ளேட் உண்டு. அதற்குள் போட்டால் எழுத்து பச்சையாகிவிடும். பச்சை என்றால் நிஜமல்ல — இதுகூடவா புரியாது?

திருப்பூருக்குப் புரியவில்லை! சாம்பிள் என்று ஒன்றைக் காட்டினால், நூல் பிசகாமல் அப்படியே செய்து தருகிற ஊர் இது. யார் ஊசியை உடைத்தாலும் நோட்டில் ஏழாம் மெஷின் செல்விதான். நான் எழுதியபோது அங்கே செல்வி என்று யாருமே இல்லை. அப்புறம் ஒரு செல்வி வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். நோட்டில் அப்படித்தானே இருக்கிறது என்று, அவரை ஏழாம் மெஷினிலேயே உட்கார வைத்துவிட்டார்கள்.

"ஒரு ஊசிகூட ஒடைக்கலீங்க. ஒண்ணாந்தேதியிலிருந்து மெஷின உட்டுப்போட்டு பிசிறு நூல வெட்டற வேலைக்குப் போகச் சொல்றாங்க. முன்ன இருந்த கம்பெனியையுஞ் சேத்து அஞ்சு வருசமா தெச்ச கைங்க இது..."

அழுதுவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. நேரே பழனிச்சாமியிடம் போய்ச் சத்தம் போட்டேன்.

"அந்தப் புள்ள ஒடைக்கலைன்னு எனக்குத் தெரியுதுங்க. ஆனா சரக்கு வாங்கறவங்க அனுப்பற ஆடிட்டர் வந்தா நோட்டத்தான பாப்பாங்க? அதுல அந்தப் புள்ள பேரு வர்றது நின்னுட்டா, மெஷின்லயே இருக்கட்டுங்க."

"அப்போ நிஜப் பேரை எழுதச் சொல்லுங்களேன்!"

"அப்ரூவல் ஆன சாம்பிள மாத்த நாம ஆருங்க?"

அன்றே உட்கார்ந்து விக்கியில் உதாரணத்தைச் சுற்றிக் கட்டம் போட்டேன். மேலே 'உதாரணம் மட்டும்' என்று கொட்டை எழுத்தில் சேர்த்தேன். மறுநாள் நோட்டைத் திறந்தால்... பச்சை மை. ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டம். மேலே கொட்டை எழுத்தில் 'உதாரணம் மட்டும்'. உள்ளே செல்வி!

கடைசியில் வழி சொன்னது செல்விதான்.

"எம் பேர எடுத்துப்போட்டு உங்க பேரப் போட்டுருங்க சார்."

எனக்கு ஏன் இது தோன்றவில்லை? உதாரணம் என்றாலே நமக்கு அடுத்தவர் பெயர்தானே வருகிறது!

போட்டேன். செல்வி மெஷினிலேயே இருக்கிறார். நேற்று எனக்கு அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு மெமோ. ஓயாமல் ஊசியை உடைப்பதால், புதன்கிழமை காலை நான் பயிற்சிக்கு வர வேண்டுமாம்.

பயிற்சி அளிப்பவர்: செல்வி.