கிளட்ச்சில் இருந்த கால்

மார்ச் 10, திங்கள்.

கியர் லீவருக்கு அடியில் போடும் புஷ் என்ற சின்ன வளையத்தை நேற்று தலைகீழாக மாட்டிவிட்டேன். சின்னத் தவறுதான். ஆனால் அதனால், லீவர் நியூட்ரலில் நிற்பதுபோலத் தெரிந்தாலும் உள்ளே முதல் கியர் விழுந்தபடியே இருந்தது. இதை முதலில் எழுதிவிடுகிறேன். மீதியைப் படிப்பவர்கள், கதை விடுகிறான் என்பார்கள். வேறு யாராவது எழுதியிருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் இது நடந்தது. என் வலது கை இன்னும் தோளோடு இருக்கிறது, வேறு சாட்சி இல்லை.

நான் மாலை வகுப்பில் மோட்டார் மெக்கானிக் படிக்கிறேன். நானும் அக்கா வீட்டுக்காரரான மச்சானும் சேர்ந்து ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கினோம். அதைக் கையால் கியர் போடும் வண்டியாக மாற்றுவது எங்கள் ஆசை. புது கியர் பெட்டியை ஏற்றியாகிவிட்டது. மூன்றாவது பெடலும், ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் கிளட்ச்சும் வைத்தாகிவிட்டது. ஒன்று மட்டும் விசித்திரமாக இருந்தது. பெடலுக்கு ஓட்டை போட அளவெடுத்த இடத்தில் ஏற்கெனவே ஓட்டைகள் இருந்தன. யாரோ தகடு வைத்துப் பற்றவைத்து மூடியிருந்தார்கள்.

நேற்று இரவு, அக்கா வீட்டுக் கீழ்த்தளத்தில் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிவைத்திருந்தோம். கிளட்ச் ஆயில் பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றி முடித்தோம். கடைசிச் சோதனை மட்டும் பாக்கி. மச்சான் எஞ்சினை ஓடவிட்டு, கிளட்ச்சை மிதித்து, முதல் கியர் போட வேண்டும். கிளட்ச் சரியாக விடுபட்டால் பின் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் நின்றுவிடும். அடியில் படுத்து அதைக் கையால் பிடித்துப் பார்த்தேன். அப்படிச் செய்யவே கூடாது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். மச்சானின் கால் கொஞ்சம் நழுவினாலும் ஷாஃப்ட் சட்டைக் கையைச் சுருட்டி, கையையும் சேர்த்துப் பிடுங்கிவிடும்.

“என் கல்யாணத்துலகூட நான் இவ்ளோ நேரம் ஒரே எடத்துல உக்காரல, மாப்ள.”

“பேசாம மிதிங்க மச்சான். விட்டுடாதீங்க.”

8.47. ஷாஃப்ட் அசையவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம்.

மேலே குழந்தை அழுதது. கொஞ்ச நேரத்தில் நின்றது. எஞ்சின் உறுமலில் வேறெதுவும் எனக்குக் கேட்கவில்லை.

ஷாஃப்ட்டைப் பிடித்தபடியே கிளட்ச்சின் தள்ளுகம்பியைப் பார்த்தேன். பெடலை மிதித்தால் வெளியே நீளும் கம்பி அது. முழுதாக நீண்டிருந்தது. ஆனால் நடுங்கியது. எஞ்சின் அதிர்வு வேறு மாதிரி இருக்கும். ரொம்ப நேரம் பாரம் தாங்கினால் தொடை நடுங்குமே... அந்த நடுக்கம்.

“கால் வலிக்குதா மச்சான்?”

எஞ்சின் உறுமலையும் மீறி, மேலிருந்து மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. வயதானவரின் மூச்சு...

“தம்பி...”

மச்சான் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதே இல்லை.

“வெளிய வா தம்பி... முடியல...”

உருண்டு வெளியே வந்தேன்.

மாடிப்படியில் மச்சான் இறங்கிக்கொண்டிருந்தார். தோளில் குழந்தை.

“பாப்பா அழுதா... நியூட்ரல்ல போட்டுட்டுத்தானே போனேன்?”

சீட் காலி.

பெடல் தரையோடு அழுந்தியிருந்தது.

பிறகு எழுந்தது. மெதுவாக... மிக மெதுவாக...

டக்.

பின் சக்கரங்கள் சீறிச் சுழன்றன. 8.53.

இன்று மதியம், காரை எங்களுக்கு விற்ற பெண்மணிக்குப் போன் செய்தேன். அது அவருடைய அப்பாவின் கார். இரவு நடந்ததைச் சொல்லவில்லை. மூடிய ஓட்டைகளைப் பற்றி மட்டும் கேட்டேன்.

“அது முன்னாடி கிளட்ச் வண்டிதாங்க. சித்தப்பா அடியில படுத்து வேலை பாத்துட்டு இருந்தாரு. அப்பா மேல கிளட்ச்ச மிதிச்சிட்டு இருந்தாரு. ரொம்ப நேரமாச்சு போல. கால் மரத்துப்போய்...”

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“சித்தப்பாவ முழுசா எடுக்க முடியல. அப்பாதான் கிளட்ச்ச பிடுங்கிப் போட்டு ஆட்டோமேட்டிக்கா மாத்துனாரு. சாகுற வரைக்கும் எடது கால் மட்டும் தூக்கத்துல மிதிச்சிட்டே இருக்கும். நாங்க பிடிச்சாலும் நிக்காது.”

போனை வைத்துவிட்டுக் கீழே போனேன். மச்சான் வரமாட்டேன் என்றுவிட்டார். எஞ்சின் ஓடவில்லை. சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

பெடல் தரையோடு அழுந்தியிருந்தது. அடியில் கம்பி நடுங்கிக்கொண்டிருந்தது.

நாளை வேலை: கிளட்ச் பெடலைக் கழற்ற வேண்டும். அதற்கு முன், வண்டிக்கு அடியில் யாரும் இல்லை என்று சத்தமாகச் சொல்ல வேண்டும்.