செருப்பைக் கழற்றிய இடம்

அடையாற்றங்கரைப் பூங்காவில் தினமும் காலையில் அவளைப் பார்ப்பேன். என் வயதுதான் இருக்கும். ஒட்டிய கன்னம், இறுக்கி முடிந்த வெள்ளைக் கொண்டை. பூவரச மரத்தடிக்கு வந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் புல்லில் உட்காருவாள். நான் யாரிடமும் வலியப் போய்ப் பேசுகிறவள் இல்லை. அவளிடமும் பேசியதில்லை.

ஒருநாள் காலேஜ் மாணவி ஒருத்தி கையில் போனோடு அவளிடம் வந்தாள். இந்தப் பூங்கா ஜனங்களுக்கு எவ்வளவு பெறும் என்று பணத்தில் கணக்கெடுக்கிறார்களாம். நான் பக்கத்து பெஞ்சில் இருந்தேன்.

"எங்கேர்ந்து வரீங்க, பாட்டி?"

"பெரும்பாக்கம், கண்ணு. ரெண்டு பஸ்ஸு மாறணும்."

"வந்து போக எவ்வளவு செலவாகுது?"

"பொம்பளைங்களுக்கு பஸ்ஸு ஓசிதானே? ஒண்ணுமில்ல."

மாணவி போனில் சைபர் போட்டாள். "கேட்டுல டிக்கெட் வச்சா எவ்வளவு குடுப்பீங்க?"

அவள் சிரித்துவிட்டாள். "இன்னா கண்ணு நீ! இங்கதான் என் வூடு இருந்துச்சி. வாசல்ல நின்ன மரம்தான் இது. இடிச்சிட்டு எங்கள அங்க அனுப்பிட்டாங்க. என் வூட்டுக்குள்ள போறதுக்கு நானே டிக்கெட் எடுப்பேனா?"

மாணவி தலையைக் குனிந்துகொண்டு அதற்கும் சைபர் போட்டாள். வேறு எதையும் போட அதில் இடமில்லை போலும்.

மழைக்காலம் முடிந்ததும் கேட்டில் டிக்கெட் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. காசு இல்லாமலா, கொடுக்க மனசில்லாமலா, தெரியவில்லை. நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறேன். அந்த மரத்தடியில் மட்டும் கால் வைப்பதில்லை, சுற்றிக்கொண்டுதான் நடக்கிறேன். அழைக்காத வீட்டுக்குள் நுழைந்து எனக்குப் பழக்கமில்லை.